அச்சில் வந்த ஆஸ்பத்திரி

இந்த ஊர் நகராட்சியைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. மற்ற ஊர்களில் மன்றம் கூடித் தீர்மானம் போடும். பிறகு அது செய்தியாக வெளிவரும். அதற்குள் தெருவில் வெட்டிய பள்ளத்தில் நாலு பேர் விழுந்து எழுந்திருப்பார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இங்கே முதலில் செய்தி வரும். அப்புறம்தான் தீர்மானம்.

முன்பு இங்கேயும் ஊரோடு ஒத்துத்தான் நடந்தது. நகராட்சி மாதாமாதம் எட்டுப் பக்கத்தில் ஒரு செய்திமடல் அச்சடித்து வீடு வீடாகப் போடும். இருபதாம் தேதி மன்றக் கூட்டம்; அதில் முடிவானது மடலில் ஏறி வீட்டுக்கு வர மூன்று வாரம் ஆகும். குழாயில் நான்கு நாள் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு, தண்ணீர் நின்று, ஜனங்கள் திட்டி ஓய்ந்து, தண்ணீர் திரும்பி வந்த பிறகு வந்து சேரும். புதிதாக வந்த தலைவர் இதைப் பார்த்துக் கொதித்துப்போனார். “செய்தி முந்த வேண்டும்!” என்று மேஜையைத் தட்டினார். கூட்டத்தை முன்னுக்குத் தள்ளலாமென்றால் உறுப்பினர்களுக்கு இருபதாம் தேதியை விட்டால் வேறு நாள் தோதுப்படவில்லை. ஆகவே மடலை முன்னுக்குத் தள்ளினார்கள். பத்தாம் தேதி அச்சு, இருபதாம் தேதி கூட்டம் என்று ஆயிற்று.

அன்றிலிருந்து மன்றத்தில் சச்சரவு என்பதே இல்லை. உறுப்பினர்கள் ஆளுக்கொரு மடலோடு வந்து உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டு போவார்கள். “இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது செய்தி, ஆமோதிக்கிறேன்” என்பார் ஒருவர். ‘பலத்த கைதட்டலுக்கிடையே’ என்று மடலில் இருந்தால் அந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டுவார்கள். ‘சிறிது விவாதத்துக்குப் பின்’ என்று இருந்தால் இரண்டு பேர் எழுந்து சிறிது விவாதம் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதெல்லாம் தையல்காரருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. அவர் வெட்டித் தைப்பார். அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா எடுத்துப் பொத்தான் வைப்பாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று; அவள் வெளியூரில் இருக்கிறாள். செய்திமடல் நல்ல கனமான காகிதம் என்பதால் சட்டைக் காலருக்கு அச்சு வெட்ட அதைத்தான் வைத்துக்கொள்வார். நகராட்சியால் அவருக்கு நேரடியாகக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். தெருக்கோடியில் நகராட்சி ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஒரே அறை, ஒரு பெஞ்சு, ஒரு நர்ஸம்மா, மூச்சுக்கு ஆவி வைக்கிற மெஷின் ஒன்று. தையல்காரர் மனைவிக்கு வீசிங். வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நூற்றுப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். நடுவில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நிற்பாள். தலையைப் பார்த்ததுமே நர்ஸம்மா மெஷினைப் போட்டுவிடுவாள். பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்து, “இந்தச் சனியனை விட்டா எனக்குக் கதி இல்ல” என்று மெஷினைச் செல்லமாகத் திட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் ஊசியில் நூல் கோப்பாள். பதினோரு வருஷமாக இப்படித்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பத்தாம் தேதி சாயங்காலம் தையல்காரர் புது மடலை விரித்துக் கத்தரிக்கோலை வைக்கப் போனபோது மூன்றாம் பக்கத்தில் கண் நின்றது. ‘மக்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, தெருக்கோடி மருத்துவமனை ரயில் பாதைக்கு அப்பால், நகராட்சி அலுவலக வளாகத்துக்கே மாற்றப்படுகிறது’ என்று ஆரம்பித்துப் பதினோரு வரி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மடலை மனைவியிடம் நீட்டினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். “யாருங்க இதைக் கேட்டது?”

“மக்கள்னு போட்டிருக்கு.”

“நாமளும் மக்கள்தானே? நான் கேக்கலை. நீங்க கேட்டீங்களா?”

“நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்?”

“பின்ன போய் யாருன்னு விசாரிச்சுட்டு வாங்க. அந்த மகராசன் மூஞ்சியை நான் ஒரு தடவை பாக்கணும்.”

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனார். ரயில் பாதையைத் தாண்ட ஒரு மேம்பாலம். ஏற நாற்பத்தெட்டுப் படி, இறங்க நாற்பத்தெட்டு. அங்கே நாலு மேஜையில் விசாரித்த பிறகு செய்திமடல் எழுத்தர் என்பவரிடம் அனுப்பினார்கள். எழுத்தர் பரம சாது. கையில் எப்போதும் ஒரு அடிக்கோல். வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, தன் வேலையை யாரோ ஒருவர் படித்திருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

“மூணாம் பக்கத்துல ஒரு நாற்காலிக் கடை விளம்பரம் வரவேண்டியதுங்க. கடைசி நேரத்துல வேணாம்னுட்டாங்க. பதினோரு வரி ஓட்டை. வெள்ளையா விட்டா தலைவருக்குப் பிடிக்காது. கைவசம் தீர்மானம் எதுவும் இல்ல. அன்னைக்குன்னு பாத்து எனக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி. மாத்திரை வாங்கணும்னா ஆஸ்பத்திரி எங்கேயோ கிடக்கு, பாலம் ஏறி இறங்கணும். இங்க பக்கத்துலயே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணிச்சு. எழுதினேன். அளந்து பாத்தா சரியா பதினோரு வரி!” அவர் முகம் மலர்ந்தது. “அந்த மாதிரி எப்பவாவதுதான் அமையும்.”

தையல்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “அப்ப மக்கள் கோரிக்கைன்னு போட்டது?”

“நானும் மக்கள்ல ஒருத்தன்தானேங்க?”

“ஐயா, என் வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்கும். இந்தப் பாலத்தை அவளால ஏற முடியாது. கூட்டம் இருபதாம் தேதிதானே? அதுக்குள்ள சொல்லி நிறுத்திடுங்களேன்.”

எழுத்தர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “அச்சாயிடுச்சே” என்றார்.

இருபதாம் தேதி தையல்காரர் மன்றத்துக்கே போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாம் பக்கம் வந்தது. புதிதாக வந்திருந்த ஓர் உறுப்பினர், பழக்கம் போதாத காரணத்தால், “எதுக்காக மாத்தறோம்?” என்று கேட்டுவிட்டார். மற்றவர்கள் மடலிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் நிதானமாக எழுந்தார்.

“நல்ல கேள்வி. ஆனால் பத்து நாள் தாமதமான கேள்வி. மடலில் வந்ததை மன்றமே மறுத்தால் ஜனங்கள் நாளைக்கு எதை நம்புவார்கள்? மன்றத்தையா? மன்றத்தில் நடப்பதே அவர்களுக்கு மடலைப் படித்துத்தான் தெரியும். மக்கள் கேட்டதாக அச்சாகியிருக்கிறது. இதுவரை கேட்காமல் இருந்தவர்களும் பத்தாம் தேதி முதல் கேட்டவர்களாகவே கருதப்படுவார்கள். இதில் பாரபட்சம் கிடையாது.”

தையல்காரர் எழுந்து நின்றார். “ஐயா, நாங்க யாரும் கேக்கலைங்க. அந்தத் தெருவுல இருக்கிறவன்தான் நான்.”

தலைவர் கைகூப்பினார். “பாருங்கள்! அந்தத் தெருக்காரரே எழுந்து நிற்கிறார். இவ்வளவு ஆர்வத்தை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.” பளிச்சென்று படம் எடுத்தார்கள். அடுத்த மடலில் அது வந்தது. கீழே, ‘மருத்துவமனை மாற்றத்தை நின்று வரவேற்ற குடியிருப்பாளர்’ என்று போட்டிருந்தார்கள். தெருவில் நாலைந்து பேர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கேட்டால் விளக்கலாம், கேட்டால்தானே!

ஆஸ்பத்திரி ஒரு தள்ளுவண்டியில் போயிற்று. முதல் நடையில் பெஞ்சும் பெயர்ப்பலகையும், இரண்டாவது நடையில் மெஷின். நர்ஸம்மா கூடவே நடந்தாள். வாசலில் நின்று, “பாலத்துக்கு நடுவுல உக்காந்துடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏறுங்க” என்று தையல்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். மூச்சு விடமுடியாதவள் மூச்சு வாங்கப் படியேற வேண்டும் என்று விதி வைத்தால், விதியைச் சொல்வதா, ஏறுகிறவளைச் சொல்வதா? முதல் மாதம் மூன்று தடவை ஏறினாள். மூன்றாம் தடவை முப்பதாவது படியில் உட்கார்ந்து, “என்னங்க, அந்த மகராசனுக்குத் தலைவலி விட்டுதாமா?” என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ரயில்வே கேட் வழியாகச் சுற்றி ஆட்டோவில் போனால் முக்கால் மணி நேரம். பிறகு அவள் போவதையே குறைத்துக்கொண்டாள். வீட்டிலேயே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சமாளித்தாள்.

மூன்றாம் மாத மடலில் செய்தி வந்தது: ‘புதிய வளாகத்துக்கு மாறிய பின் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துள்ளது. நகரத்தின் உடல்நலம் இருமடங்கு மேம்பட்டிருப்பதையே இது காட்டுகிறது.’ இருபதாம் தேதி மன்றம் இதைப் பலத்த கைதட்டலுக்கிடையே ஏற்றது.

தையல்காரர் மறுபடியும் எழுத்தரிடம் போய் நின்றார். இந்தத் தடவை எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மனு போடாதீங்க, அதுக்கெல்லாம் இங்க ஆள் இல்ல. வழி ஒண்ணே ஒண்ணுதான். ஆஸ்பத்திரி திரும்ப வருதுன்னு மடல்ல வந்துடணும். வந்துட்டா மன்றம் மாட்டேன்னு சொல்லவே முடியாது. நீங்களே எழுதிக் கொண்டாங்க. இடம் இருந்தா போட்டுடறேன்.”

“இவ்வளவுதானா?” என்றார் தையல்காரர். இவ்வளவு சுலபமான கதவைத் திறந்து வைத்துக்கொண்டா இந்த நகராட்சியைத் திட்டினோம் என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அன்று கடையை மூடிவிட்டு இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். ஆஸ்பத்திரி பழைய இடத்துக்கே வரவேண்டும். ஏனென்றால் மூச்சிரைப்பு உள்ளவர்கள் பாலம் ஏற முடியாது. நர்ஸம்மா பழையபடி காலை முதல் மாலை வரை இருக்க வேண்டும். ஆவி வைக்கிற மெஷின் வேண்டும். டாக்டர் வாரம் இரண்டு நாள் வரவேண்டும். மருந்து இருப்பு இருக்க வேண்டும். மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பதினைந்து வரி வந்தது.

எழுத்தர் அடிக்கோலை வைத்து அளந்து உதட்டைப் பிதுக்கினார். “இந்த மாசம் தலைவர் பிறந்தநாள் வாழ்த்து ஒன்றரைப் பக்கம். பத்து வரிக்குள்ள கொண்டாங்க. காரணம் எதுக்கு? தீர்மானத்துக்குக் காரணம் போட்டா படிக்கிறவங்க சந்தேகப்படுவாங்க.”

அடுத்த மாதம் காரணத்தை வெட்டிவிட்டுப் போனார். அதற்குள் இடம் ஆறு வரியாகச் சுருங்கியிருந்தது. புதிய நீரூற்றின் முன்னால் தலைவர் நிற்கும் படம் எதிர்பார்த்ததைவிட அகலமாக வந்துவிட்டதாம். டாக்டரையும் மருந்தையும் வெட்டினார். அதற்கடுத்த மாதம் அதே நீரூற்றைத் தலைவர் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். இடமே இல்லை. தையல்காரர் சளைக்கவில்லை. முழுக்கைச் சட்டைக்குத் துணி பத்தாமல் வந்தவனுக்குக்கூடத் தோளில் ஒட்டுப்போட்டு, பட்டியைக் குறைத்து, குறையே தெரியாமல் தைத்துக் கொடுத்த கை அது. இருக்கிற துணியில் ஆளுக்குப் பொருந்த வெட்ட முடியாது என்று அவர் யாரையும் திருப்பி அனுப்பியது கிடையாது.

ஏழாவது மாதம் எழுத்தரே ஆளனுப்பினார். “எட்டாம் பக்கம், அடியில, மூணு வரி. ராத்திரிக்குள்ள யாராவது வாழ்த்து கொண்டுவந்தா போயிடும். உடனே எழுதுங்க.”

அவர் கொடுத்திருந்த காகிதம் மேஜைமேல் கிடந்தது; அதில் ஐந்து வரி. தையல்காரர் நின்றபடியே பேனாவை எடுத்தார். “இந்த மெஷின், நர்ஸம்மா எல்லாம்... ஆஸ்பத்திரின்னு சொன்னாலே அதுக்குள்ள அடக்கம்தானேங்க?”

“அடக்கம்தான்” என்றார் எழுத்தர். “படிச்சா எனக்கும் அப்படித்தான் தோணுது.”

மெஷினை அடித்தார். மூன்றே முக்கால் வரி. நர்ஸம்மாவை அடித்தார். சரியாக மூன்று வரி வந்தது. எழுத்தர் அடிக்கோலை எடுத்துவிட்டு, “கை தேர்ந்த ஆளுங்க நீங்க” என்று மனசாரப் பாராட்டினார்.

மடல் வந்த அன்று அவர் மனைவி அதைக் கத்தரிக்கோலுக்குத் தராமல் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தாள். ‘மக்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, தெருக்கோடி மருத்துவமனை மீண்டும் பழைய இடத்துக்கே மாற்றப்படுகிறது.’ இருபதாம் தேதி மன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. “மாற்றியதும் நாமே, மீட்டதும் நாமே, வேறெந்த மன்றத்துக்கு இந்தப் பெருமை உண்டு?” என்று தலைவர் முழங்கினார். மாதக்கணக்காகப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரியை மனைவி கூப்பிட்டு, “எங்க வீட்டுக்காரர் கொண்டாந்தாரு” என்று சொன்னாள். அதைத் தையல்காரர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பற்றி அப்படிப் பெருமையாகப் பேசி அவர் கேட்டதில்லை.

ஒன்றாம் தேதி தள்ளுவண்டி வந்தது. பெஞ்சும் பெயர்ப்பலகையும் வந்தன. இரண்டாவது நடைக்காகத் தையல்காரர் வாசலிலேயே நின்றார். வண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அறைக்கு ஒரு காவலாளியைப் போட்டிருந்தார்கள். தையல்காரர் அவரிடம் ஓடினார். “நர்ஸம்மா எப்ப வருவாங்க?”

“நர்ஸைப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லலைங்க. ஆஸ்பத்திரியைத் தொறக்கச் சொன்னாங்க, தொறந்துட்டேன்.”

பாலம் ஏறி எழுத்தரிடம் போனார். எழுத்தர் மடலை எடுத்து எட்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “நர்ஸைப் போட்டிருந்தா நர்ஸ் வந்திருப்பாங்க. மெஷினைப் போட்டிருந்தா மெஷின் வந்திருக்கும். எதுவுமே இல்லையே. நீங்கதானே வெட்டினீங்க?” குரலில் குத்தல் எதுவும் இல்லை. “பத்தாம் தேதி மடல்ல ஒரு வரி பாக்கலாம். கவலைப்படாதீங்க.”

மூன்றாம் தேதி காலை, பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கடைசிப் பொத்தானை வைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அன்றைக்கு அது போதவில்லை. தையல்காரர் ஆட்டோவுக்கு ஓடினார். தெருவில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது அவள் வாசலில் இறங்கியிருந்தாள்.

“அங்கதான்... போலாம்” என்று தெருக்கோடியைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் பதினோரு வருஷமாகக் கால் பழகிய வழி அது ஒன்றுதான்.

காவலாளி பதறியடித்துக்கொண்டு பெஞ்சைத் துடைத்தார். நல்ல மனிதர். “நான் போய் வண்டி பிடிச்சாரேன்” என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது; ஆட்டோக்கள் எல்லாம் அந்தப் பக்கம் நின்றன. அவள் தையல்காரரின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மெஷின் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முதுகைத் தடவினார். “இதோ, இதோ வந்துடும்” என்றார். எது வரும் என்று அவருக்கே தெரியவில்லை. காவலாளி ஆட்டோவோடு வந்தபோது பிடி தளர்ந்திருந்தது.

தலைவரைத் திட்டலாம். எழுத்தரைத் திட்டலாம். தையல்காரர் யாரையும் திட்டவில்லை. மூன்று நாள் அவர் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: மெஷினை முதலில் அடித்தேனா, நர்ஸம்மாவை முதலில் அடித்தேனா? மகள் வந்து அழுதாள், கூடவே வந்துவிடச் சொன்னாள். பார்க்கலாம் என்றார்.

பத்தாம் தேதி மடல் வந்து விழுந்தது. முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். ‘மீட்கப்பட்ட தெருக்கோடி மருத்துவமனை முதல் வாரத்திலேயே சாதனை! மூச்சுத்திணறலுடன் வந்த ஒரு பெண்மணி சிகிச்சைக்காக மீண்டும் வரவே இல்லை. அவர் பூரண குணமடைந்து நலமுடன் இருக்கிறார்.’ காவலாளியின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுத்தர் எழுதியது. மூச்சுத்திணறலோடு வந்த பெண் ஒருவர், திரும்ப வந்தவர் இல்லை என்றுதான் அதில் இருந்தது. பாவம், அது யார் என்று அவருக்குத் தெரியாது. தையல்காரர் போய்ச் சொன்னபோது எழுத்தரின் கையிலிருந்த அடிக்கோல் கீழே விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து அடிக்கோலை எடுத்து மடல்மேல் வைத்துவிட்டு, “அச்சாயிடுச்சே” என்றார்.

இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் மேஜையில் விண்ணப்பத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். “நலமுடன் இருக்காங்கன்னு வந்திருக்கே. மன்றத்துல முடிவாகட்டும், பாக்கலாம்.”

இருபதாம் தேதி தையல்காரர் அதே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. முதல் பக்கம், முதல் செய்தி. ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். அன்று கேள்வி கேட்ட அந்தப் புது உறுப்பினரே வழிமொழிந்தார். அவரும் இப்போது நன்றாகத் தேறிவிட்டார். தலைவர் எழுந்தார்.

“ஒரு சகோதரி மூச்சுவிட முடியாமல் நம் மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, கருவி இல்லை, மருந்து இல்லை. இருந்தும் குணமானார் என்றால் அது எதனால்? நம் தீர்மானத்தால்! அந்தச் சகோதரி நலமுடன் இருக்கிறார் என்று இந்த மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. அவர் நீடூழி வாழ்க!”

‘பலத்த கைதட்டலுக்கிடையே’ என்று அச்சாகியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தையல்காரருக்குத் திடீரென்று ஓர் எண்ணம் வந்தது. வந்திருக்கவே கூடாத எண்ணம். இந்த ஊரில் அச்சில் வந்து, மன்றத்தில் நிறைவேறி, நடக்காமல் போனது என்று இதுவரை எதுவும் இல்லையே.

கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்துவிட்டார். பாலத்தின் படிகளை இரண்டிரண்டாக ஏறினார். இறங்கி, தெருவில் யார் கூப்பிட்டதும் காதில் விழாமல் ஓடிவந்து, பூட்டைத் திறந்து முன்னறையில் நின்றார். மூச்சு வாங்கியது.

“ஏம்மா” என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். சத்தம் போதவில்லையோ என்று இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு, பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.